ஏழு மில்லிமீட்டர் அந்துப்பூச்சி

எங்கள் மஞ்சனத்திபுரத்தில் பதிவேட்டில் ஏறாத எதுவும் நடந்ததாக யாரும் ஒத்துக்கொண்டதில்லை, பதிவேட்டில் ஏறிவிட்ட எதுவும் நடக்காமல் போனதாக யாரும் சொல்லத் துணிந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாதவர்களுக்கு அந்தப் பூச்சி செய்த காரியம் பெரிய அதிசயமாகத் தோன்றும், எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. நான் கொம்பையா, தானாபதி மகளிர் கல்லூரியில் இருபத்திரண்டு வருஷமாகத் தலைமை எழுத்தர். கல்லூரியைத் தொடங்கிய தானாபதி ஐயா ஒரு விதி எழுதி வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இங்கே யார் எதைக் கண்டுபிடித்தாலும், அதைப் பற்றிய கட்டுரையை வெளியூருக்கு அனுப்புவதற்கு முன்னால், அதைத் தடித்த ஆய்வுப் பதிவேட்டில் தமிழில் எழுதி, செயலர் பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குப் பிறகு அவர் மகன் புன்னைவனம் செயலரானார். அரிசி ஆலை, ஆறு லாரி, ஒரு கல்யாண மண்டபம் எல்லாவற்றையும் பார்த்தது போக மிச்சமிருந்த நேரத்தில் கல்லூரியையும் பார்த்துக்கொண்டார். பதிவேடு என் பீரோவில் இருந்தது. பச்சைப் பேனாவும் அங்கேதான் இருந்தது.

பதிவேட்டின் சக்தி எங்களுக்குப் புதிதல்ல. கல்லூரிக்குத் தென்புறம் ஒரு நீச்சல் குளம் இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது, ஆய்வுக்கு வந்த குழு அதைக் கரையில் நின்று பார்த்துத் திருப்தி என்று எழுதிக் கொடுத்தது, தண்ணீரும் குளமும் மட்டும்தான் இல்லை. என் பிறந்த தேதியே அங்கே இரண்டு வருஷம் இளையதாக இருக்கிறது, நானும் அந்த வயசுக்குத் தகுந்த மாதிரிதான் நடந்துகொள்கிறேன்.

அந்த வருஷம் ஆடிக் காற்றில், மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, விலங்கியல் ஆய்வக உதவியாளர் சேர்மக்கனி தன் தூக்குவாளியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் ரசத்துச் சீரகம் ஒன்று ஒட்டியிருக்கிறதென்று விரலால் தள்ளப்போக, சீரகம் எழுந்து பறந்து போய் அவருடைய மூக்குக் கண்ணாடியில் உட்கார்ந்தது. சேர்மக்கனி அசையாமல் இருந்தபடியே தங்கம் மிஸ்ஸைக் கூப்பிட்டார். தங்கம் மிஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஆவுடைத்தங்கம் பத்தொன்பது வருஷமாக அங்கே உதவிப் பேராசிரியர், பதவி உயர்வுக்கு ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரை குறைகிறது என்று அந்தப் பத்தொன்பது வருஷமும் சொல்லப்பட்டவர். அவர் லென்ஸை எடுத்துக்கொண்டு சேர்மக்கனியின் முகத்துக்கு நேரே குனிந்து நின்றார். சாதம் ஆறிப்போகும் வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள் என்று சொல்வார்கள்.

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் மஞ்சனத்தி மரத்தில்தான் அந்தப் பூச்சி குடியிருந்தது, அந்த ஒரு மரத்தில் மட்டும்தான் குடியிருந்தது. தங்கம் மிஸ் மூன்று மாதம் அதன் பின்னாலேயே அலைந்தார், படம் எடுத்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார். இப்படி ஒன்றை உலகத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை என்று பதில் வந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். பிறகு பதிவேட்டில் எழுத உட்கார்ந்தார். இறகு விரித்தால் ஏழு மில்லிமீட்டர். முன்னிறகு சாம்பல் நிறம், நடுவில் செம்பு நிறப் பட்டை ஒன்று. பின்னிறகில் இரண்டு புள்ளிகள். ஆணின் உணர்கொம்பு இறகு போலக் கிளைத்திருக்கும், பெண்ணுடையது நூல் போல இருக்கும். உச்சி வேளையில் பறக்கும். புழுவாக இருக்கும்போது இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் புகுந்து, வளைந்து வளைந்து வெள்ளைக் கோடு போட்டபடி தின்னும். வளர்ந்த பூச்சிக்கு ஆயுள் ஒன்பது நாள். கடைசியாக ஒன்றரைப் பக்கம், ஆண் பெண் உறுப்புகளின் அமைப்பு, படத்தோடு.

எல்லாம் சரியாகத்தான் எழுதினார். ஆனால் எழுதியது ஒரு தேர்வுக் கண்காணிப்பின்போது, நடுவில் ஒரு மாணவி எழுந்து கூடுதல் தாள் கேட்டாள், கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் இரண்டு புள்ளி என்பதற்கு மூன்று புள்ளி என்று எழுதிவிட்டார். பச்சைக் கையெழுத்து விழுந்தது. மறுநாள் மத்தியானம் தங்கம் மிஸ் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது முகத்தில் ரத்தமில்லை.

"சார், பூச்சிக்கு மூணு புள்ளி வந்துட்டு. மரத்துல இருக்கறதுக்கு மட்டுமில்ல, போன மாசம் ஊசி குத்தி வச்சதுக்கும் மூணு இருக்கு."

பதிவேட்டில் மூன்று என்றுதானே இருக்கிறது, பிறகென்ன பிழை என்று நான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மூன்றை அடித்து இரண்டு என்று திருத்தினார், நான் ஓரத்தில் சுருக்கொப்பத்துக்கு ஏற்பாடு செய்தேன், அடுத்த நாள் உச்சி வேளையில் பூச்சிகள் இரண்டு புள்ளியோடு பறந்தன. பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை என்று எங்கள் அலுவலகம் எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்தும் வாத்தியார்களுக்கே முழுசாகப் புரியவில்லை, அந்தப் பூச்சிக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. அதன் மேல் எனக்கு மரியாதை வந்தது.

சேதி ஊருக்குள் போக இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் காலையில் என் அறை வாசலில் செருப்புகள் கிடந்தன. முதலில் வந்தது வார்டு கவுன்சிலர். உலகத்திலேயே நம் ஊரில் மட்டும் இருக்கிற ஒரு ஜீவன் ஏழு மில்லிமீட்டர்தான் என்றால் அது ஊருக்குக் கௌரவக் குறைச்சல், மேடையிலிருந்து காட்டினால் கடைசி வரிசைக்காவது தெரிய வேண்டாமா என்றார். பதிவேட்டில் ஏழு மில்லிமீட்டர் நாற்பது மில்லிமீட்டர் ஆயிற்று. மேலத்தெருச் சங்கம் தங்கள் கொடியின் பச்சையைக் கேட்டது, கீழத்தெருச் சங்கம் மஞ்சளைக் கேட்டது, இரண்டு நாள் பஸ் ஓடாமல் இருந்து, தாசில்தார் முன்னிலையில் இடது இறகு பச்சை, வலது இறகு மஞ்சள் என்று உடன்பாடானது. கோயில் கமிட்டி நெற்றியில் ஒரு பொட்டு கேட்டது, பூச்சிக்கு நெற்றி எது என்று தங்கம் மிஸ் கேட்டதற்கு, பொட்டு இருக்கிற இடம்தான் நெற்றி என்று பதில் வந்தது. பஸ் ஸ்டாண்டு அல்வாக் கடைக்காரர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, லேசாக நெய் வாசனை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கொண்டுவந்த அல்வா நன்றாக இருந்தது என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

இப்படியாக எங்கள் பூச்சி ஒவ்வொரு நாளும் கனத்தது. மேலத்தெருக்காரர்கள் தங்கள் பச்சை கொஞ்சம் அடர்த்தியாக இருக்கட்டும் என்று தனியாகக் கேட்டு வாங்கியதில் இடது இறகு மட்டும் பாரமாகி, பறக்கிற பூச்சியெல்லாம் இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து சைக்கிள் மணிகளில் மோதி விழுந்தன. நெய் வாசனைக்கு எறும்புகள் வரிசை கட்டின. புழு மட்டும் பழைய அளவிலேயே இலைக்குள் கோடு போட்டுக்கொண்டிருந்தது, ஏனென்றால் புழுவைப் பற்றி யாரும் மனுக் கொடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள், தங்கள் பங்கு இறகைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள், அடுத்த பக்கத்து இறகைப் பார்க்காமல் திரும்பிப் போனார்கள்.

தங்கம் மிஸ் ஏன் பேசாமல் இருந்தார் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் தன் கையால்தான் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் பிறகு செயலர் அவருடைய பதவி உயர்வுக் கோப்பை ஒரு மேசை முன்னால் நகர்த்தினார். ஒரு நாள் சேர்மக்கனி நேருக்கு நேர் கேட்டேவிட்டார், இது நம்ம பூச்சியா மிஸ், இல்ல தேர்த் திருவிழாவுக்குச் சோடிச்சு விட்டதா என்று. கட்டுரை அச்சானால் எல்லாம் சரியாகிவிடும் என்று தங்கம் மிஸ் சொன்னார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது என் அறை வரைக்கும் கேட்டது.

பெயர் சூட்டு விழாவுக்கு அமைச்சர் வருவதாக உறுதியான பிறகுதான் செயலர் புன்னைவனம் முதன்முறையாக அந்தப் பதிவேட்டை முழுசாகப் படித்தார். பூச்சிக்குத் தன் அப்பா பெயரை வைப்பதென்று முடிவாகியிருந்தது, அதனால் படித்தார். கடைசி ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தார், படத்தைப் பார்த்தார், பதிவேட்டை மூடினார், திரும்பத் திறந்து பார்த்தார். அன்றைக்கே கமிட்டி கூடியது.

"இது பொம்பளப் பிள்ளையள் படிக்கிற காலேஜு," என்றார் புன்னைவனம். "இந்தப் படத்துக்கு மேல எங்க அப்பா பேரு வரணுமாக்கும்?"

தங்கம் மிஸ் எழுந்து நின்றார். நிறம், அளவு, புள்ளி எதைப் பற்றியும் வாயைத் திறக்காதவர் அன்றைக்குத்தான் திறந்தார். "ஐயா, இந்தச் சின்னப் பூச்சியள்ல ஒண்ணு வேற, இன்னொண்ணு வேறன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி. மத்ததெல்லாம் ஏமாத்தும். அதை எடுத்தா இந்தப் பூச்சியே இல்ல."

"பூச்சிக்கு மானம் இல்லாம இருக்கலாம். காலேஜுக்கு இருக்கு."

ஒன்பது பேர் கமிட்டியில் ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஏழு பேர் தகப்பன்மார். ஒன்றரைப் பக்கத்தையும் குறுக்குக் கோடு போட்டு அடித்தார்கள், படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள், பச்சைக் கையெழுத்து விழுந்தது.

மறுநாளிலிருந்து மரத்தடியில் ஓர் அமைதி இறங்கியது. முன்பெல்லாம் உச்சி வேளையில் ஆண் பூச்சிகள் கொம்பை விரித்துக்கொண்டு பெண் பூச்சிகளின் பின்னால் மோதி மோதி அலையும். இப்போது எல்லாம் இலைக்கு ஒன்றாக, பல் ஆஸ்பத்திரியில் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. தங்கம் மிஸ் ஒன்றைப் பிடித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உறுப்புகள் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியது போல வழுவழுவென்று இருந்தது.

அவர் கணக்குப் போட்டுச் செயலரிடம் போனார். இலைக்குள் இருக்கிற கடைசிப் புழுவும் இந்த வாரம் வெளியே வந்துவிடும், அதற்குப் பிறகு ஒன்பது நாள், அதோடு இந்த உலகத்தில் இந்தப் பூச்சி முடிந்தது, அந்த ஒன்றரைப் பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். செயலர் இரக்கமில்லாதவர் அல்ல. கமிட்டி எடுத்த முடிவைக் கமிட்டிதான் மாற்ற வேண்டும், கமிட்டி இனி விழா முடிந்துதான் கூடும், அதுவரைக்கும் நாகரிகமாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். 'இப்பூச்சி முட்டையிடும்' என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. பூச்சிகளும் கீழ்ப்படிந்து முட்டையிட்டன, ஆண் பூச்சிகளும் இட்டன. முட்டைகள் அழகாக இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு தங்கம் மிஸ் தினமும் சாப்பாட்டு மணிக்கு மரத்தடியில் நின்று எண்ணினார். நூற்றுப் பன்னிரண்டு. எழுபத்தேழு. முப்பது. வகுப்புக்குப் போகிற பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்தப் பக்கம் பந்தல் கால் நட்டார்கள், அமைச்சருக்கு வாழைமரம் கட்டினார்கள், இடது பச்சையும் வலது மஞ்சளுமாக ஓர் அலங்கார வளைவு எழும்பியது. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். விழாவன்று காலையில் ஐந்து இருந்தன, கொம்பை வைத்துப் பார்த்ததில் ஆண் இரண்டு, பெண் மூன்று. மேடையில் காட்ட வேண்டுமென்று சொல்லி அந்த ஐந்தையும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டு அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பெட்டியோடு என் அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். பதிவேட்டைக் கேட்டார்.

செயலரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பதிவேட்டைத் தர முடியாது என்று நான் இருபத்திரண்டு வருஷமாகச் சொன்ன பதிலைச் சொன்னேன். அவர் பெட்டியை என் மேசையில், பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஐந்தும் தங்கள் இறகுகளைத் தூக்க முடியாமல் அடிக் கண்ணாடியில் கிடந்தன, அறை முழுக்க நெய் மணத்தது. எனக்கு அந்த அல்வா நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு என் வேலையை நினைத்து வெட்கமாக இருந்தது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பீரோச் சாவியை எடுத்தேன்.

அவர் புதுப் பக்கத்தில் எழுதினார். இப்பூச்சி பற்றிய முந்தைய பக்கங்கள் யாவும் ரத்து. ஏழு மில்லிமீட்டர். சாம்பல், செம்புப் பட்டை ஒன்று, புள்ளி இரண்டு. நெற்றியும் பொட்டும் இல்லை, வாசனை இல்லை. பிறகு அந்த ஒன்றரைப் பக்கத்தை, ஒரு மயிர்க்கால் விடாமல், மனப்பாடமாக எழுதிப் படமும் வரைந்தார்.  வெளியே மைக் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. கடைசியாக ஒரு வரி எழுதினார்: இப்பூச்சி மனிதர் கண்ணுக்குத் தெரியாது.

"அம்மா, யோசிச்சுத்தான் எழுதுதியளா?" என்றேன். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கு எவன் கட்டுரை போடுவான்? உங்க கோப்பு?"

"தெரிஞ்சா விடமாட்டாங்க சார்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "நானே விடல்லியே."

பச்சைக் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வெறும் பக்கம். அவர் என்னைப் பார்த்தார், நான் பேனாவைப் பார்த்தேன். செயலருக்கு லாரியும் மண்டபமும் இருந்தன என்று சொன்னேன் அல்லவா, அவர் எந்த நாளில் வந்து கையெழுத்துப் போட்டார்? நீச்சல் குளத்துக்கும், என் வயசுக்கும், மூன்று புள்ளிக்கும், பச்சை இறகுக்கும், அந்த வெள்ளைத் தாளுக்கும், இருபத்திரண்டு வருஷமாக அவர் சொல்லச் சொல்லப் புன்னைவனம் என்று போட்ட கை இந்தக் கைதான். அன்றைக்கு யாரும் சொல்லாமல் போட்டேன். பெட்டியில் அப்போது எதுவும் தெரியவில்லை. தங்கம் மிஸ் அதை எடுத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைப் பக்கம் போய், திறந்து, கவிழ்த்து, வெறும் பெட்டியோடு மேடைக்குப் போனார்.

மேடையில் செயலர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். அவர் அந்த வரியைப் படித்தார், கீழே இருந்த தன் கையெழுத்தைப் படித்தார். இது என் கையெழுத்தல்ல என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த நிமிஷம் நீச்சல் குளம் வற்றிவிடும், இன்னும் என்னென்னவோ வற்றிவிடும். அவர் கெட்டிக்காரர். மைக்கைப் பிடித்து, உலகத்திலேயே கண்ணுக்குத் தெரியாத முதல் பூச்சி நம் தானாபதி கல்லூரியில்தான் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார். கைதட்டல் ஓய வெகு நேரம் ஆயிற்று. அமைச்சர் ஏற்கெனவே அச்சடித்துக் கொண்டுவந்த உரையில் அதன் வண்ணங்களைப் புகழ்ந்தார். மேலத்தெருக்காரர்கள், கண்ணுக்குத் தெரியாத பூச்சியிலும் இடது பக்கம் தங்களுடையதுதான் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள், கீழத்தெருக்காரர்கள் வலது பக்கத்துக்குப் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நாலடி உயர சிமென்ட் பூச்சி ஒன்று இப்போது இருக்கிறது, நீங்கள் வந்தால் பார்க்கலாம். அல்வாக் கடை அதற்கு எதிரில்தான்.

பதவி உயர்வுக் குழு மாதிரிப் பூச்சியை அனுப்பச் சொல்லிக் கேட்டது. தங்கம் மிஸ் ஓர் ஊசியும் அதன் கீழே ஒரு சீட்டும் மட்டும் இருக்கிற பெட்டியை அனுப்பினார். கோப்பு திரும்பி வந்தது. இன்னும் ஒரு கட்டுரை குறைகிறது என்று அதில் எழுதியிருந்தது. அவர் அதைப் படித்துவிட்டு என்னிடமே கொடுத்தார், அதற்காக அவர் அழுது நான் பார்க்கவில்லை. ஆனால் தினமும் சாப்பாட்டு மணிக்கு அவரும் சேர்மக்கனியும் மரத்தடிக்குப் போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு வாரம் போனது. பத்து நாள் போனது. அந்த ஐந்தும் அன்றைக்கே எறும்புக்குப் போயிருக்கும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் மத்தியானம் தங்கம் மிஸ் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. பின்னாலேயே மூச்சிரைக்கச் சேர்மக்கனி வந்தார், கையில் மூடாத தூக்குவாளி. என் மேசையில், விரித்து வைத்திருந்த பதிவேட்டின் மேல், ஒரு மஞ்சனத்தி இலையை வைத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். பிடித்தேன். இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில், காம்புக்குப் பக்கத்தில் தொடங்கி, நரம்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, நூலைவிட மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு துளி நீண்ட மாதிரி இருந்தது.

"இருக்கு சார்," என்றார் தங்கம் மிஸ். "இது மாதிரி பதினோரு இலையில இருக்கு."

 இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தன்னால் பேனாவைத் திறந்துவிட்டது. பதிவேட்டில் ஏற்றட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்," என்றார்கள் இரண்டு பேரும்.

இலையைச் சேர்மக்கனி வாங்கி, காயாமல் இருக்க ஈரத்துணியில் வைத்துக்கொண்டார். நான் பேனாவை மூடினேன்.